ஒரு நாள்கூட விடாத பெண்கள்

சாராளுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று போடி கடைவீதியில் சொல்வார்கள். சொல்பவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டு வெற்றிலை மென்றுகொண்டு போவார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார், "போன பரீட்சையைவிட இந்தப் பரீட்சையில் வகுப்புச் சராசரி கூடியிருக்கு, எல்லாரும் முன்னேறிட்டீங்க" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து சாராள் எழுந்தாள். "நான் பெயிலு சார். நான் எப்ப முன்னேறினேன்?" அன்று முழுக்க அவள் வகுப்புக்கு வெளியே நின்றாள். எழுபத்தாறாம் வருஷம் அது. கேள்விக்குப் பதில் மட்டும் கிடைக்கவில்லை.

அவளுடைய அப்பா ஜேசுதாசின் மளிகைக் கடை குரங்கணி ரோட்டில் இருந்தது. கடைக்கு எதிரேதான் விடியற்காலையில் ஜீப்புகள் வந்து நிற்கும். ஏலத்தோட்டத்தில் களை பறிக்கவும் காய் எடுக்கவும் போகிற பெண்கள் தூக்குவாளியோடு வந்து, வெற்றிலையும் புகையிலையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, ஆறு பேர் உட்காருகிற வண்டியில் பன்னிரண்டு பேராக ஏறுவார்கள். சாராள் அந்தப் பெண்களின் சத்தத்தில்தான் கண் விழித்து வளர்ந்தாள். யார் வீட்டில் கல்யாணம், யார் புருஷன் குடிகாரன் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால் மலைக்குப் போகிற பெண்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு அவளுக்கு இருந்தது. அந்த நினைப்புத்தான் பின்னால் அவள் காலை வாரிவிட்டது.

மதுரையில் பொருளியல் எம்.ஏ. முடித்தவள், எண்பத்தைந்தில் அங்கேயே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். நிலையத்தின் இயக்குநர் பேராசிரியர் சின்னத்துரை. ஏலத்தோட்டப் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வை அவர் எடுத்திருந்தார். அதன் பின்னால் ஒரு வழக்கு இருந்தது. தோட்டத்திலேயே குடியிருக்கும் பெண்களுக்குப் பிள்ளை பெற்றால் சம்பளத்தோடு ஓய்வு உண்டு. ஊரிலிருந்து ஜீப்பில் போய்வருகிற பெண்களுக்கு ஒன்றும் கிடையாது. அவர்களுக்கும் கொடுக்க வேண்டுமா என்று முடிவு செய்ய ஒரு விசாரணைக் குழு போட்டிருந்தார்கள். அந்தக் குழுவுக்குத்தான் ஆய்வறிக்கை போக வேண்டும். போடிக்காரி என்பதால் கேள்வித்தாளைச் சாராள் கையில் கொடுத்து அனுப்பினார் சின்னத்துரை.

முந்நூறு பெண்களைப் பத்தே நாளில் கேட்டு முடித்தாள். கங்காணி பெரியகருப்பன்தான் உதவி. ஆள் சேர்த்து ஜீப்பில் ஏற்றி அனுப்புகிறவர் அவர். "நீங்க ஏன் பாப்பா தெருத்தெருவா அலையுறீக? கடைவாசல்ல உக்காருங்க. ஒவ்வொருத்தியா நான் வரச் சொல்றேன்" என்றார். வரச் சொன்னார், வந்தார்கள். பக்கத்திலேயே பீடி குடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று சாராள் நினைத்தாள்.

புள்ளியியல் என்ற பேரைக் கேட்டாலே அவளுக்கு அந்தக் கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்துவிடும். ஆனால் இப்போது தப்பிக்க வழியில்லை. மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கண்ணாடி அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கோயிலில்கூட சாமியை நேரில் பார்க்கலாம், இங்கே கம்ப்யூட்டரைப் பார்க்க முடியாது. பெண் ஒருத்திக்கு ஓர் அட்டை வீதம் ஓட்டை போட்டு, கட்டாகக் கட்டி, ஆபரேட்டர் வீரணனிடம் காலையில் கொடுத்தால் சாயங்காலம் தாளில் அடித்து வரும். எஸ்.பி.எஸ்.எஸ். என்று ஒரு புரோகிராம். அதற்கு ஓர் இங்கிலீஷ் புத்தகம், தலையணை மொத்தத்தில். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் முந்நூறு பெண்களும் திரும்பி வந்துவிடுவார்கள், 'பிழை' என்ற ஒற்றை வரியோடு. வாசலில் நின்று அந்தத் தாளைக் கசக்கி எறிவாள். பிறகு பொறுக்கி எடுத்து நீவிப் படிப்பாள்.

முதல் தடவை ஒழுங்காக ஓடியபோது, மலைக்குப் போகும் பெண்களின் சராசரி வயது ஐம்பத்தாறு என்று வந்தது.

வீரணன் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஏங்க, போடியில கெழவிகள மட்டுந்தான் ஜீப்புல ஏத்துவாங்களா?"

மூன்றில் ஒருத்திக்குத் தன் வயது தெரியாது. தெரியாதவர்களுக்குத் தொண்ணூற்றொன்பது என்று போடச் சொல்லியிருந்தது புத்தகம். தொண்ணூற்றொன்பது என்றால் 'தெரியாது', அதைக் கூட்டலில் சேர்க்காதே என்று கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு வரி எழுதவும் சொல்லியிருந்தது. சாராள் அந்த வரியை எழுதவில்லை. நூறு பேரையும் தொண்ணூற்றொன்பது வயதுக் கிழவிகளாக்கிக் கூட்டி வகுத்துக் கொடுத்துவிட்டது அது. கொடுத்ததைக் கூட்டும், ஏன் என்று கேட்காது. இதைவிட நம்ம ஊர்க் கழுதை மேல், உதைத்தாவது காட்டும் என்று திட்டிக்கொண்டே அந்த வரியை எழுதினாள். முப்பத்துநாலு வந்தது.

திட்டித் திட்டித்தான் கற்றுக்கொண்டாள். சராசரியின் திருட்டுத்தனம் அவளுக்கு ஜீப்பை வைத்துத்தான் புரிந்தது. பின்னால் பன்னிரண்டு பெண்கள், ஒருத்திக்கும் ஒரு சென்ட் நிலம் இல்லை. முன் சீட்டில் அறுபத்தைந்து ஏக்கர் முதலாளி ஏறிக்கொள்கிறார். இப்போது டிரைவரை விட்டுவிட்டால் வண்டியில் ஆளுக்குச் சராசரி ஐந்து ஏக்கர்! இறங்கிப் போய்ப் பட்டா கேட்டால் தெரியும் சேதி. அதனால்தான் சராசரியோடு திட்டவிலக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றது புத்தகம். அந்தச் சராசரியை விட்டு ஒவ்வொருவரும் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று சொல்வது அது. விலக்கம் பெரிதாக இருந்தால் சராசரியை நம்பாதே. சிறிதாக இருந்தால் எல்லாரும் ஒரே மாதிரி. இது புரிந்த அன்று, கணக்கு வாத்தியாருக்குப் பத்து வருஷம் கழித்துப் பதில் சொல்லிவிட்ட திருப்தி அவளுக்கு.

போன மாதம் எத்தனை நாள் மலைக்குப் போனீர்கள் என்ற கேள்விக்கு விடை வந்தது. மாதத்தில் வேலை நாள் இருபத்தாறு. சராசரி இருபத்தைந்தரை. திட்டவிலக்கம் அரை நாள்தான்.

சின்னத்துரைக்கு வாயெல்லாம் பல். "இவ்வளவு சுத்தமான டேட்டாவ என் சர்வீஸ்ல பாத்ததில்லம்மா. ஒருத்திகூட விலகல பாரு." உடனே பேனாவை எடுத்து எழுதினார்: 'இப்பெண்களின் வருகை தடையற்றது. பிரசவத்தாலோ நோயாலோ இவர்கள் வேலைநாள் எதையும் இழப்பதில்லை.'

சாராளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இரண்டு நாள். மூன்றாம் நாள் குறுக்கு அட்டவணை போடக் கற்றுக்கொண்டாள். ஒரு கேள்வியின் விடையை இன்னொரு கேள்வியின் விடைக்கு நேரே நிறுத்திப் பார்ப்பது அது. பழகுவதற்காக, கைக்கு வந்த இரண்டு கேள்விகளைச் சேர்த்தாள்: போன மாதம் பிரசவம் ஆனதா, போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள்.

பதினோரு பெண்களுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. பதினோரு பேரும் இருபத்தாறு நாளும் மலைக்குப் போயிருந்தார்கள்.

கண்ணாடி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு பேரில் ஒருத்தியை நன்றாக ஞாபகம் இருந்தது. வேலுத்தாய். கடைக்குப் பின்தெருக்காரி. பச்சைப் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வந்து நின்று, "ஒரு நாளு விடல பாப்பா" என்றாள். சாராள் இரண்டாம் பக்கத்தில் இருபத்தாறு என்று எழுதினாள். ஏழாம் பக்கத்தில் பிரசவம் 'ஆம்' என்று எழுதினாள். நடுவில் பிள்ளை வீறிட்டு அழுதது. அது அழுதுமுடிக்கும்வரை எரிச்சலோடு பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தது சாராள்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். பரிமாறியவள் தானே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சல் முதலில் வேலுத்தாய் மேல்தான் திரும்பியது. பொய்க்காரி!

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பு ஓடாது. அடுத்த ஞாயிறு ஊருக்கு வந்து, கோயிலுக்குப் போன கையோடு நேரே பின்தெருவுக்குப் போனாள். வேலுத்தாய் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏன் பொய் சொன்னீங்க? பிள்ளை பெத்த மாசம் இருபத்தாறு நாளும் எப்படி மலையேறுனீங்க?"

"யாரு பொய் சொன்னா? இருபத்தாறு நாளும் எங்க எடம் மலைக்குப் போச்சுல்ல."

"எடமா?"

வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பது போல. ஜீப்பில் வீட்டுக்கு ஓர் இடம். இடம் பிடிப்பதுதான் பாடு. பிடித்தபின் அது ஒரு நாள் காலியாகக் கிடக்கக் கூடாது. கிடந்தால் மறுநாள் பெரியகருப்பன் அதில் வேறு வீட்டு ஆளை ஏற்றிவிடுவார். அதனால் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருக்கு வலி எடுத்தாலும், வீட்டிலிருந்து ஓர் ஆள் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். வேலுத்தாய் பாயில் கிடந்தபோது முதல் பத்து நாள் நாத்தனார் ஜக்கம்மாள் போனாள். அப்புறம் மாமியார் ராக்கு, வீங்கின முழங்காலோடு. பேர் மட்டும் வேலுத்தாய் பேர். தோட்டத்தில் தன் ஆட்கள் ஒரு நாள் குறையாமல் வருவார்கள் என்று சொல்லித்தான் கங்காணி பிழைப்பே நடத்துகிறார்.

"அதுக்காக என்கிட்டயும் அப்படியே சொல்லணுமா?"

வேலுத்தாய்க்கும் கோபம் வரத்தான் செய்தது. "ஒங்கிட்ட எங்க சொன்னேன்? ஒன் பக்கத்துல அந்தாளு பீடி குடிச்சிட்டு நின்னாரே, அவருகிட்ட சொன்னேன். படிச்ச பொண்ணு, அவரப் பக்கத்துல நிறுத்திக்கிட்டுக் கேட்டா நாங்க வேற என்னத்தச் சொல்ல?"

சாராள் விடுவிடுவென்று எழுந்து நடந்தாள். கடைக்குத் திரும்பி அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். ஜேசுதாஸ் கருப்பட்டி உடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இந்த எடம் விஷயம் தெரியுமாப்பா?"

"ஊருக்கே தெரியுமேம்மா."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? வந்த, எழுதுன, போயிட்ட."

அன்று சாராள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் மாதிரிக் கொடுமை வேறில்லை.

மதுரையில் சின்னத்துரை காது கொடுத்துக் கேட்டார்; அதுவரை நல்ல மனிதர்தான். பிறகு, "அதெல்லாம் கதைம்மா. இது டேட்டா. திட்டவிலக்கம் கம்மியா இருந்தா நம்பகம் ஜாஸ்தி. புத்தகத்துல இருக்கு" என்றார்.

"சார், முந்நூறு பொம்பளைங்க, ஒரு மாசம் முழுக்க ஒருத்திக்குக்கூட தலைவலி வரலைன்னா அது நம்பகமா சார்? எல்லாரும் ஒரே பதில் சொன்னா எல்லாரையும் ஒரே ஆள் மெரட்டிருக்கான்னு அர்த்தம். அதுவும் புத்தகத்துல இருக்கணும்."

"அறிக்கை அடுத்த மாசம் போயாகணும். உனக்கு இட்ட சோலி அட்டவணை போடுறது. அதைப் பாரு."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவருடைய சுரைக்காய் உதவாமல் மட்டும் இருந்தால் பரவாயில்லையே. நாளைக்கு இதைக் காட்டித்தானே முதலாளிகள், பிள்ளை பெற்றாலும் ஒரு நாள் விடாதவர்களுக்கு ஓய்வு எதற்கு என்று கேட்பார்கள்! அந்த வாரமே சாராள் மறுபடி போடிக்கு வண்டி ஏறினாள். இந்தத் தடவை ஒரே கேள்விதான்: போன மாதம் உங்கள் சொந்தக் காலால் எத்தனை நாள் மலை ஏறினீர்கள்?

முதல் கதவே சாத்திக்கொண்டது. வேலுத்தாய்தான்; வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் நின்றே கத்தினாள். "நீ எழுதிட்டு மதுரைக்குப் போயிருவ. எவ சொன்னான்னு அந்தாளு தேடுவாரு. எடம் ஒனக்கா போகும்?"

சாராள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான், தான் வெறுத்த அந்தச் சராசரியிடம் ஒரு நல்ல குணமும் இருப்பது ஞாபகம் வந்தது. "அக்கா, பேரே எழுத மாட்டேன். எல்லாத்தையும் கூட்டி வகுத்துட்டா எவ சொன்னதுன்னு எனக்கே தெரியாது. மொத்தப் பேரையும் கேக்கக்கூட வேணாம், அஞ்சு வீட்டுக்கு ஒரு வீடு போதும்."

"அஞ்சுக்கு ஒண்ணா? அப்ப அந்த ஒருத்தி மாட்டிக்கிருவா." வேலுத்தாய் தலையை ஆட்டினாள். "ஒரு வீடு விடாம எல்லாத்தையும் கேளு. எல்லாரும் சொன்னா யாரும் சொல்லல."

அப்படியே கேட்டாள். ஞாயிறு தோறும், கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்படியில் உட்கார்ந்து. முதலில் வேலுத்தாய் கூட வந்தாள்; பிறகு அவளே முன்னால் போய், "சொல்லுங்கடி, பேரு எழுதல" என்று கதவைத் தட்டினாள். கருச்சிதைந்து மூன்றாம் நாள் மலையேறியவள் இருந்தாள். தொட்டில் பிள்ளையை விட்டுவிட்டு, பால் கட்டின மார்போடு ஏறியவள் இருந்தாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் முந்நூறும் முடிந்தது. அட்டை ஓட்டை போட நேரம் கேட்டபோது, வீரணன் எதற்கு என்று கேட்கவில்லை. "சாயங்காலம் வாங்க" என்றான்.

சராசரி பதினேழு. திட்டவிலக்கம் ஏழு. முன்பு ஒரே கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்ற பெண்கள், இப்போது தாள் முழுக்கச் சிதறி நின்றார்கள். பூஜ்யம், மூன்று, பதினொன்று, இருபத்துநாலு. அந்தச் சிதறலைப் பார்த்துச் சாராள் அழுதாள். நோயும் பிரசவமும் உள்ள மனுஷிகள் அப்படித்தான் இருப்பார்கள்.

சின்னத்துரை அதைத் தொடக்கூட இல்லை. இருபத்தைந்தரையோடுதான் அறிக்கை போயிற்று.

தை மாதம் போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. முன் வரிசையில் தோட்ட முதலாளிகள்; பின்னால் பெரியகருப்பனும் ஜீப்பு டிரைவர்களும்; பெண்கள் வெளியே வெயிலில். முதலாளிகள் தரப்பில் ஒருவர் எழுந்து, அறிக்கையை உயர்த்திக் காட்டி வாசித்தார். "சராசரி இருபத்தைந்தரை நாள். பிரசவத்தால் இழந்த நாள், இல்லை. நாங்க சொல்லலீங்க, கம்ப்யூட்டர் சொல்லுது."

சாராள் எழுந்தாள். சின்னத்துரை, "உக்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை. கையிலிருந்த தாளை விரித்து இரண்டாவது கணக்கை வாசித்தாள். இடம் பிடிக்கிற கதையைச் சொன்னாள். பிரசவமான மாதத்திலேயே இருபத்தாறு நாளும் போனதாக வந்த பதினோரு பேர் கணக்கையும் சொன்னாள். மண்டபம் கசமுசவென்றது.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. இதை உங்ககிட்ட சொன்ன ஒரு பெண்ணோட பேரைச் சொல்லுங்க. கூப்பிட்டு விசாரிப்போம்."

பின்வரிசையில் பெரியகருப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு முன்னால் குனிந்தார். சன்னல் கம்பிக்கு வெளியே வேலுத்தாயின் முகம் தெரிந்தது. ஒரு பேர், ஒரே ஒரு பேர் சொன்னால் போதும், குழு நம்பிவிடும். வேலுத்தாயின் இடம் மறுநாள் காலையிலேயே போய்விடும்.

சாராள் தாளை நாலாக மடித்தாள்.

"ஐயா, இருபத்தஞ்சரைன்னு அவர் வாசிச்சாரே, அப்ப நீங்க பேரு கேக்கலையே! ஒரு பொம்பளையையும் கூப்பிட்டு விசாரிக்கலையே! அது கம்ப்யூட்டர் சொன்னதுன்னா இதையும் அதே கம்ப்யூட்டர்தான் சொல்லுது. ஒங்களுக்குப் பிடிச்ச நம்பருக்குப் பேரு வேணாம், பிடிக்காத நம்பருக்கு மட்டும் பேரு வேணுமா? முந்நூறு பேரு சொன்னாங்க. பேரு கிடையாது."

குழு அன்றைக்கு ஒன்றும் முடிவு செய்யவில்லை. 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பிரசவத்தால் நாள் இழப்பதில்லை என்ற வரியை மட்டும் தலைவர் பேனாவால் அடித்தார். சின்னத்துரை மண்டபத்து வாசலிலேயே, இனி நிலையத்துக்கு வர வேண்டாம் என்று சாராளிடம் சொல்லிவிட்டார். ஒரு வரியை அடிக்கவைக்க ஒரு வேலையே போகணுமா என்று வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினாள்.

மறுநாள் விடியலில் அவள் அப்பாவுக்குப் பதில் கடையில் நின்றாள். ஜீப்பு வந்து நின்றது. பெரியகருப்பன் ஒருத்தியையும் ஏறவிடாமல் கையை நீட்டி மறித்துக்கொண்டு கத்தினார். "எவடி போய்ச் சொன்னது? வீட்டுக்குள்ள வச்சு ரகசியமாப் பேசுனியளா? எப்பப் பேசுனிய?"

சாராள் கல்லாவை விட்டு இறங்கப் போனாள். அதற்குள் வேலுத்தாய் முன்னால் வந்தாள், இடுப்பில் தூக்குவாளியோடு.

"எனக்கு எப்படித் தெரியும்ணே? நான்தான் ஒரு நாளு விடாம மலையில இருந்தேனே. பிள்ள பெத்த அன்னைக்கும் மலையிலதான் இருந்தேன். நீங்கதான சொன்னிய?"

அடுத்தவள் சொன்னாள், "நானும் மலையிலதான்ணே இருந்தேன்."

"நானும்."

பெரியகருப்பனின் கை இறங்கியது. இல்லையடி, நீ வரவில்லை என்று சொல்ல அவர் வாய் திறந்தது. சொன்னால், தன் ஆட்கள் ஒரு நாள் குறையாமல் வருகிறார்கள் என்று தோட்டத்தில் அவர் சொன்னதே பொய்யாகிவிடும்; திறந்த வாய் மூடிக்கொண்டது. பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். வேலுத்தாய் தன் இடத்தில் உட்கார்ந்து, கடைப்பக்கம் திரும்பி, "பாப்பா, ரெண்டு வெத்தல, வெரசாக் கொண்டா" என்றாள்.